நின்ற இடத்தில் நடந்தவர்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் கவர்னர் என்றுதான் அழைத்தார்கள். மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று கேட்டால், நடையைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தால் விளங்கிவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிறிது தூரம் நடப்பார், நிற்பார். எதிரே செருப்புக் கடை இருந்தால் செருப்புகளைப் பார்வையிடுவார். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தால் சாரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையசைப்பார். ஒன்றுமே இல்லாத வெறும் சுவரானாலும் அதையும் சற்று நேரம் பரிசீலிப்பார். பிறகு, எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று திருப்தியடைந்தவர்போல மறுபடி நடப்பார். கூட வருகிறவர்கள் மரியாதைக்காகத் தாங்களும் நின்று சுவரைப் பார்ப்பார்கள்.

மூச்சு வாங்குவதை மறைக்க இதைவிடக் கம்பீரமான வழி இருக்க முடியாது. இந்த மனிதரிடம் நேரம் ஏராளமாக இருக்கிறது என்று தெரு நினைத்துக்கொண்டது. அவரிடம் பற்றாக்குறையாக இருந்தது காற்று.

தொழிலும் மறைக்கிற தொழில்தான். விரிசல் விட்ட மேசை ஒன்று வரும். விரிசலில் பட்டி வைத்து அடைப்பார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார். மரத்தின் நிறத்துக்குச் சாயம் கலந்து பூசி, மேலே மரத்தின் நுண்துளைகளை மூடுகிற சீலர் அடித்து, மறுபடி தேய்த்து, கடைசியில் வார்னிஷ். மேசைக்குச் சொந்தக்காரர் வந்து விரலால் தடவித் தேடிவிட்டு, "அந்த விரிசல் எங்கங்க இருந்துச்சு?" என்று கேட்பார். "எந்த விரிசல்?" என்பார் கவர்னர். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே ஜோக் அது. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அன்றுதான் தோன்றியதுபோலச் சொல்வார்.

பட்டறை கட்டடத்தின் தரைத்தளத்தில். வீடு அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில். பட்டறைக்கு இருந்த ஒரே ஜன்னலை அவர் எப்போதும் மூடியே வைத்திருந்தார். ஈர வார்னிஷ்மேல் ஒரு துளி தூசி விழுந்தாலும் மேசை கெட்டுவிடும். அப்படி அவர் மேசைகளைக் காப்பாற்றினார். போக வேறு இடமில்லாத தூசி அவருக்குள் போனது. மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி ஒன்று ஆணியில் தொங்கியது. அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்பது அவருடைய புகார். சிகரெட்டை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. விட்ட பிறகுதான் இருமல் அதிகமானது என்று இன்றைக்கும் சிகரெட்டின் சார்பில் வாதாடுவார்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி பிரேமை வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டிலும் அதையேதான் செய்தாள். கணவருக்கு ஏற்றபடி வீட்டை வளைத்தாள். மேல் அலமாரியில் இருந்ததெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. கட்டில் குளியலறைக்குப் பக்கத்தில் வந்தது. குளியலறைக்குள் ஒரு ஸ்டூல் நுழைந்தது. அவர் உட்கார, அவளே தண்ணீர் ஊற்றி முதுகு தேய்த்துவிடுவாள். இவை ஒரே நாளில் நடக்கவில்லை. அவர் ஒரு காரியத்தில் திணறுகிறார் என்று கண்ணில் பட்டதும், அந்தக் காரியம் வீட்டிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேச வேண்டிய நாள் மாடிப்படியில் வந்தது. கட்டடத்துக்காரர் அவரை நிறுத்தி, தண்ணீர் மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டார். "அந்த மோட்டாரை நேத்து சாயங்காலம் என் மச்சான்..." என்று தொடங்கிய கவர்னருக்கு அதற்குமேல் வரவில்லை. மச்சான் மோட்டாரைப் பழுதுபார்த்தானா, கெடுத்தானா, விற்றானா என்பது தெரியாமல் கட்டடத்துக்காரர் வெகுநேரம் காத்திருந்தார். கைப்பிடியைப் பிடித்தபடி நின்ற கவர்னரின் உதடுகள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்ததை, பின்னால் பையோடு ஏறிவந்த மனைவி பார்த்தாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை நெஞ்சுநோய் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மூச்சை அளக்கிற குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊதினார். படம் எடுத்தார்கள். நுரையீரல் நாள்பட்டுக் கெட்டிருக்கிறது, கெட்ட பகுதி திரும்பச் சரியாகாது, ஆனால் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு நன்றாக வாழ ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது என்றார்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்களை நடக்கவைத்து, கை கால்களுக்கு வேலை கொடுத்து, பலம் ஏற்றுகிற வகுப்பு. அதில் சில பேருக்குத்தான் இடம். யாருக்கு அதிகக் கஷ்டமோ அவருக்கு முதலில். கஷ்டத்தை அளக்க, வகுப்பின் பயிற்சியாளரான ஒரு பெண் கேள்வித்தாளோடு எதிரே உட்கார்ந்தார்.

"மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க மேடம்."

"வீட்டு வேலை எதாவது செய்யும்போது?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் தெரியல."

"குளிக்கும்போது? டிரஸ் மாத்தும்போது?"

"சேச்சே."

மனைவி வாயைத் திறந்தாள். "அவரே சொல்லட்டும்மா," என்றார் பயிற்சியாளர் மென்மையாக.

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் விசேஷம். மாடியை அவர் ஏறுவதாகவே சொல்ல முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மின்சார மீட்டர்களை ஆய்வு செய்துவிட்டு, ஏறியதே தெரியாமல் மேலே வந்து சேருவார். வீட்டு வேலை எதுவும் அவருக்கு மிச்சம் வைக்கப்படவில்லை. குளிக்கும்போது மூச்சு வாங்கினால் அது அவளுக்குத்தான் வாங்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு, அவர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. தன் மனிதரை இவ்வளவு சௌகரியமாக வைத்திருக்கிறோமே. மறுகணம் அந்தப் பெருமைக்காகவே தன்னை நொந்துகொண்டாள்.

பயிற்சியாளர் கேள்வித்தாளையும் குழாயில் ஊதிய சோதனையின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "உங்க நெஞ்சு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நடக்கவெச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். ஆனா தாழ்வாரத்துல தரையப் பேத்துப் போட்டிருக்காங்க." தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து அவர் இடுப்பு பெல்ட்டில் மாட்டினார். "ஒரு வாரம் போட்டுக்குங்க. குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழட்டுங்க. எவ்வளவு நடமாடுறீங்கன்னு இது எழுதி வெச்சுக்கும். இதுக்காக எதையும் கூடுதலா செய்ய வேணாம், வழக்கப்படி இருங்க."

கருவியில் திரை எதுவும் இல்லை. கவர்னர் வழக்கப்படி இருந்தார்.

அந்த வாரம் ஓர் அலுவலகத்தின் கதவுகள் மொத்தமாக பாலிஷுக்கு வந்திருந்தன. பழைய வார்னிஷை எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு தேய்க்கும் மெஷின் உண்டு. இஸ்திரிப்பெட்டி மாதிரி கையில் பிடித்து ஓட்டினால் அடியில் உப்புத்தாள் அதிரும். முன்பெல்லாம் அதைக் கையால் அழுத்தித் தள்ளுவார். இப்போது கையால் தள்ளினால் மூச்சு போதவில்லை. அதனால் மேசைமேல் கதவைக் கிடத்தி, வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்து, உடம்பின் எடையால் மெஷினை நகர்த்தக் கற்றுக்கொண்டிருந்தார். காலையில் சாய்ந்தால் மதியம் வரை சாய்ந்தபடியே நிற்பார். ஸ்பிரே அடிப்பது, தூக்குவது, இறக்குவதெல்லாம் மனைவியின் தம்பி.

வாரம் முடிந்து போனபோது பயிற்சியாளர் விடுமுறையில் இருந்தார். டாக்டர் கருவியைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நீங்க இவ்வளவு நடக்கிறவரா? நானே இதுல பாதி நடக்கறதில்லையே!"

"இவரா?" என்றாள் மனைவி. "இவரு எங்கங்க டாக்டர் நடக்கறாரு? பட்டறையில நிப்பாரு, வீட்டுல உக்காருவாரு."

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். வேலை நேரத்தில் கோடுகள் மலைபோல உயர்ந்திருந்தன. சாப்பாட்டு நேரத்தில் பள்ளம். விடுமுறை நாள் சமவெளி. உழைத்து ஓய்ந்த மனிதரின் வாரம் வேறு எப்படி இருக்கும்? "உங்களுக்குத் தெரியாம நெறைய நடக்கிறாரும்மா. சந்தோஷப்படுங்க." கேள்வித்தாளிலும் கஷ்டம் ஏதும் இல்லை. இரண்டும் ஒத்துப்போயின. வகுப்பில் இவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம், படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே இளைக்கிற ஒரு லாரி டிரைவருக்குப் போனது. அது நியாயம்தான் என்று கவர்னரும் சொன்னார். ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னார்.

அதுவரை எந்த டாக்டரையும் நம்பாதவர், அந்தத் தீப்பெட்டியை நம்பினார். தன் நெஞ்சு சொல்வதைவிட அதிகமாக நம்பினார். "டாக்டரவிட ரெண்டு மடங்கு நடக்கறேனாம்," என்று தெருவில் ஒவ்வொரு கடையிலும் நின்று சொன்னார். நிற்பதற்கு அவருக்கு இப்போது புதுக் காரணம் கிடைத்திருந்தது. வீட்டில் ஸ்டூலை வெளியே எடுத்து வைத்தார். "நான் என்ன நோயாளியா?" என்றார்.

"டாக்டர் சொன்னா சரி," என்று மனைவி ஸ்டூலைக் கட்டிலடியில் தள்ளினாள். நம்பியதால் அல்ல, நம்பிப் பார்க்க ஆசைப்பட்டதால்.

குளியலறையிலிருந்து வெளியே வர அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றாள். தட்டவில்லை.

சில நாட்களில் ஓர் இழுப்பறை மேசையை வாடிக்கையாளர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. நான்காவது மாடி. லிஃப்ட் இல்லை. இழுப்பறைகளைத் தனியாகக் கழற்றியிருந்தார்கள். கவர்னர் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டார்.

"மாமா, வெச்சிடுங்க. நான் ரெண்டு நடையா எடுத்துட்டு வர்றேன்," என்றான் தம்பி.

"நீ மொதல்ல மேசையத் தூக்கு. என்னையப் பாக்காத."

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் உப்புத்தாள் போடும்."

"டேய், எவ்வளவு நடக்கறேன்னு மெஷினே எழுதியிருக்கு. ஏறு."

இரண்டாவது மாடிவரை இழுப்பறை ஏறியது. அங்கே அவர் அதைக் கீழே வைத்தார். புதுப் பாலிஷில் கீறல் விழாமல் பதமாக வைத்தார். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மேசையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்த தம்பி அவரைக் கூப்பிட்டான். கவர்னரின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. வாய் மீனுடையதுபோலத் திறந்து மூடியது. கண்களில் மட்டும், யாராவது பார்க்கிறார்களா என்ற கவலை இருந்தது.

சாமான்களுக்குச் சுற்றுகிற கம்பளியில் தம்பி அவரைச் சுற்றினான். மேலிருந்து இறங்கி வந்த வாடிக்கையாளர் காலைப் பிடித்துக்கொண்டார். திருப்பங்களில் சாய்த்து, சுவரில் இடிக்காமல், அலமாரி இறக்குகிற அதே முறையில் அவரை இறக்கினார்கள். வேறு முறை அவனுக்குத் தெரியாது. அதுவே நல்ல முறையாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி போட்டார்கள். அது மூச்சு முட்டுகிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மூச்சில்லை. மனைவி கட்டிலருகே உட்கார்ந்து, அவர் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை இறங்கியதும் அடுத்தது ஏறுமா என்று காத்திருந்தாள். கடையில் அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண், வீட்டில் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பார்க்கத்தான் செய்தது. பார்த்ததையெல்லாம் அவரும் பார்க்காதபடி மூடியும் வைத்தது.

விடுமுறை முடிந்து வந்த பயிற்சியாளர் வார்டுக்கு வந்தார். கோடுகளின் படத்தையும் படுத்திருப்பவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு நடக்கிறவர் ரெண்டு மாடியில விழ மாட்டாரு. எங்கயோ தப்பிருக்கு. எங்கேன்னுதான் தெரியல," என்று ஒப்புக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது வேறொரு கருவி கொடுத்தார். இதில் எண் தெரிகிற சின்னத் திரை இருந்தது. தூசி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கவர்னர் கொஞ்ச நாள் போகாமல் இருந்தார். பிறகு ஒரு காலை, மிச்சமிருந்த ஒற்றைக் கதவுக்காக, கருவியும் இடுப்புமாகக் கீழே இறங்கிப் போய்விட்டார். மெஷின் சத்தம் மாடிக்குக் கேட்டது. மனைவி தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"செத்துதான் தொலைவேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"சத்தம் போடாத. முகமூடி போட்டிருக்கேன் பாரு." போட்டிருந்தார். வயிற்றை மேசையில் சாய்த்து, மெஷினை ஓட்டிக்கொண்டே பேசினார்.

அவள் அடுத்த வசவுக்கு வாய் திறந்தவள், அவர் இடுப்பைப் பார்த்து அப்படியே நின்றாள். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று ஒன்றாக அல்ல. யாரோ துரத்துவதுபோல ஓடியது.

"மெஷின நிறுத்துங்க."

நிறுத்தினார். எண் நின்றது.

"போடுங்க."

போட்டார். எண் ஓடியது. மேசை அதிர்ந்தது, மேசையில் சாய்ந்த வயிறு அதிர்ந்தது, வயிற்றில் மாட்டிய கருவி அந்த அதிர்வையெல்லாம் நடையென்று நம்பி எண்ணிக்கொண்டிருந்தது. அவர் மூச்சில்லாமல் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகச் சாய்ந்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு தூரம் நடந்திருந்தார்.

"நின்ன எடத்துலயே ஊரச் சுத்திட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

ஸ்பிரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி வெடித்துச் சிரித்தான். "மாமா, கதவத் தேச்சே மாரத்தான் ஓடியிருக்கீங்க!" அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கவர்னர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாந்தது பெரிய விஷயமில்லை. மரவியாபாரிகளிடம் ஏமாறாத பாலிஷ்காரர் கிடையாது. அந்த மலை மலையான கோடுகளுக்குள் ஓர் ஆரோக்கியமான மனிதர் இருந்தார், டாக்டரைவிட அதிகம் நடக்கிறவர். சில நாட்கள் அவரோடு பழகிவிட்டு, இப்போது அவர் இல்லவே இல்லை என்று தெரியவருவதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். மேசைக் கதையைக் கேட்டதும் பயிற்சியாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "உங்க வேலை என்னன்னு கேட்டேன். அத எப்படிச் செய்வீங்கன்னு கேக்கல." பிறகு புதுத் தாள் எடுத்தார். "வகுப்புல ஒரு எடம் காலியாயிருக்கு. அந்த லாரி டிரைவரோட எடம்."

எப்படிக் காலியானது என்று கவர்னர் கேட்கவில்லை. பயிற்சியாளரும் சொல்லவில்லை. 

"இன்னும் ரெண்டு பேர் காத்திருக்காங்க. இந்தத் தடவையும் நீங்க ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னா, உங்களுக்காக என்னால பேச முடியாது. உங்களால முடியுதான்னு நான் கேக்கப் போறதில்ல. எதையெல்லாம் விட்டுட்டீங்க? அதச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். தன் தெருவைத் தாண்டினால் வரும் கடைத்தெரு, என்றார். கடைசியாக எப்போது போனார் என்று ஞாபகமில்லை. பாட்டுக் கேட்டால் கூடவே பாடுவது. படுத்தபடி பேசுவது. சிரிப்பதும்கூட, ஓரளவுக்கு மேல். மனைவிக்குத் தெரிந்தவை அதில் பாதிதான். பாட்டை அவர் விட்டதை, பாட்டில் ஆசை போய்விட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

தாழ்வாரத்துக்குப் புதுத் தரை போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் அவர் விரலில் ஆக்சிஜனை அளக்கிற கிளிப் மாட்டி, ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். அவர் நடந்தார். பாதியில் சுவரோரம் கிடந்த நாற்காலியில், யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தார். பயிற்சியாளர் ஓர் அட்டையை நீட்டினார். பூஜ்யம் என்றால் திணறலே இல்லை. பத்து என்றால் இதற்குமேல் தாங்காது.

"இப்ப எவ்வளவு?"

"ரெண்டு..." என்று உதடு தானாகத் தொடங்கியது. மனைவி ஏதாவது சொல்வாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"எட்டு," என்றார் அவர்.

"எட்டா?" அவள் தலை நிமிர்ந்தது. "இன்னிக்கு மட்டுமா?"

"தெனமும்தான்."

"தெனமும் எட்டு! பக்கத்துலயே கெடக்கறேன், என்கிட்ட ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

அவர் மூச்சுக்காகக் காத்திருந்தார். அது வந்ததும் சொன்னார்: "எட்டுன்னு சொல்றதுக்குள்ள நீதான் எல்லாத்தையும் எடுத்துடுவியே."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்ததில் இரண்டுமே வெளியே வரவில்லை. பயிற்சியாளர் எட்டு என்று எழுதிக்கொண்டார். வகுப்பில் இதே மாதிரி மூச்சு வாங்கத்தான் வைப்போம், தினமும் கொஞ்சம், பயப்படாமல் வாங்கப் பழக வேண்டும் என்றார். எட்டு குறையுமா என்று மனைவி கேட்டாள். குறையலாம், என்றார் பயிற்சியாளர். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, சிலருக்கு எட்டு எட்டாகவே இருக்கும், ஆனால் அந்த எட்டோடேயே கடைத்தெரு வரை போய்வர முடியும்.

"இன்னும் நேரம் இருக்கு," என்று கடிகாரத்தைப் பார்த்தார். "முடிஞ்சா மிச்சத்தையும் நடக்கலாம்."

கவர்னர் நாற்காலியின் கைகளைப் பற்றி எழப் பார்த்தார். மனைவியின் கை தூக்கிவிட நீண்டது. பாதி வழியில் நின்றது. மறுபடி கைப்பையின் வாருக்குத் திரும்பியது. அவர் இரண்டாவது முயற்சியில் எழுந்தார்.